துப்பாக்கிக்குக் கால் முளைத்த கதை

ஒரு பேனாவை எடுத்து, கையை நன்றாக நீட்டி, எதிர்ச் சுவரில் இருக்கும் ஸ்விட்சின் மேல் அதன் நுனியைக் குறி வைத்துப் பாருங்கள். நுனி ஒரு இடத்தில் நிற்காது. மூச்சை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். மூச்சை அடக்கினால்? அப்போது இதயத் துடிப்பு தெரிய ஆரம்பிக்கும்! இப்போது முழங்கையை மேஜை மேல் ஊன்றிக் கொண்டு பாருங்கள். ஆட்டம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

பேனாவுக்குப் பதிலாக நாலு கிலோ எடையுள்ள ஒரு வேட்டைத் துப்பாக்கி என்று வைத்துக் கொள்ளுங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 70 சென்டிமீட்டர். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டர் தள்ளி நிற்கும் மானிடம் போய்ச் சேரும்போது குண்டு 14 சென்டிமீட்டர் விலகியிருக்கும். 200 மீட்டர் என்றால் 28 சென்டிமீட்டர். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அங்கே பட்டால் சில நொடிகளில் உயிர் போகும். வயிற்றிலோ காலிலோ பட்டால் மான் ஓடிவிடும். எங்கோ புதருக்குள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் துடித்துச் சாகும். சுட்டவனுக்கும் ஒன்றும் கிடைக்காது.

அதனால்தான் துப்பாக்கி பிறந்த காலத்திலிருந்தே அதற்கு ஒரு "கால்" தேவைப்பட்டது. குச்சி, கவை, மரக்கிளை, மூட்டை என்று ஏதோ ஒன்று. துப்பாக்கியின் வரலாற்றை எழுதியவர்கள் நிறைய பேர். அதைத் தாங்கிய குச்சியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அந்தக் குச்சியின் கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எந்தக் குச்சி என்பதை எப்போதும் நிலம்தான் முடிவு செய்தது. அந்தக் குச்சியை வைத்து எத்தனை உயிரைக் கொல்வது என்பதை வேறு ஒன்று முடிவு செய்தது.

கவைக்கோல்

முதலில் போர்க்களத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் படைகள் பயன்படுத்திய மஸ்கட் துப்பாக்கி எட்டு, ஒன்பது கிலோ வரை எடை கொண்டது. கையில் தூக்கிப் பிடித்துச் சுடுவது நடக்காத காரியம். எனவே ஒவ்வொரு மஸ்கட் வீரனும் ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோல் வைத்திருந்தான். கீழே இரும்பு முனை, மேலே ஆங்கில எழுத்து "யு" போல ஒரு இரும்புக் கவை. கோலை மண்ணில் ஊன்றி, துப்பாக்கியை அதன் மேல் வைத்துச் சுட வேண்டும். 1607-இல் யாக்கோப் டி கெய்ன் என்ற டச்சு ஓவியர் படைப் பயிற்சிக்காக ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். மஸ்கட்டையும் கோலையும் திரியையும் இரண்டே கைகளில் எப்படிச் சமாளிப்பது என்று அதில் படிப்படியாக வரைந்து காட்டியிருக்கிறார். பார்த்தாலே தலை சுற்றும்!

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மஸ்கட் எடை குறைந்தது. கோல் தேவையில்லாமல் போயிற்று. படைகள் அதைத் தூக்கி எறிந்தன. வேட்டைக்காரர்கள் எறியவில்லை. காரணம் எளிது. போரில் எதிரே நிற்பது ஒரு கூட்டம், குறி கொஞ்சம் தப்பினாலும் யார் மேலாவது படும். வேட்டையில் எதிரே நிற்பது ஒரே ஒரு விலங்கு.

மரமில்லாத மேட்டில்

திபெத்தியப் பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 4,500 மீட்டர் உயரம். பெரும்பகுதியில் மரமே கிடையாது. சாய்ந்து கொள்ளப் பாறை கூட எல்லா இடத்திலும் இருக்காது. காற்று மெலிந்திருப்பதால் நாலு அடி வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிற மனிதன் எப்படிக் குறி வைப்பான்?

திபெத்தியர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. தாங்கியைத் தனியாகச் சுமக்காமல் துப்பாக்கியோடு சேர்த்துவிட்டார்கள். அவர்களுடைய திரித் துப்பாக்கியின் முன்பகுதியில் கீல் வைத்து இரண்டு நீண்ட மரக் கால்கள் பொருத்தப்பட்டிருக்கும். நுனியில் பெரும்பாலும் மானின் கொம்பு அல்லது இரும்பு. வேட்டைக்காரன் தரையில் அமர்ந்து கால்களைக் கீழே இறக்கினால் துப்பாக்கி தானே நிற்கும். வேலை முடிந்ததும் முன்பக்கமாக மடித்துவிட்டு, முதுகில் மாட்டிக் கொண்டு குதிரை ஏறலாம். மடித்த நிலையில் அந்த இரு கொம்புகளும் குழலின் வாயைத் தாண்டி நீட்டிக் கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மான் குதிரை மேல் போவது போலத் தெரியும்.

இன்று வேட்டைச் சாமான் கடைகளில் "பைபாட்" என்ற பெயரில் அலுமினியத்தில் விற்கிறார்களே, துப்பாக்கியின் அடியில் மடக்கி வைக்கும் இரட்டைக் கால், அதன் யோசனையும் இதேதான். மரத்துக்கும் கொம்புக்கும் பதில் உலோகமும் ஸ்பிரிங்கும் வந்திருக்கின்றன.

மலைச் சரிவில்

அதே யோசனையை ஆல்ப்ஸ் மலைக்குக் கொண்டு போனால் எடுபடாது. அங்கே வேட்டையாடப்படும் சாமோய் என்ற மலை ஆடு செங்குத்துப் பாறைகளில் நிற்கும். சுடுபவன் நிற்பதும் சரிவில்தான். இரண்டு கால்களையும் ஊன்றச் சமதரை வேண்டுமே!

ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் மலை வேட்டைக்காரர்கள் ஒரு நீண்ட கழியைக் கையில் வைத்திருப்பார்கள். அவர்கள் மொழியில் பெர்க்ஸ்டாக், அதாவது மலைக்கோல். ஆள் உயரத்தை விட நீளமானது, நுனியில் இரும்பு ஊசி. மலை ஏற அது மூன்றாவது கால். இறங்கும்போது அதுதான் பிரேக். ஆடு கண்ணில் பட்டதும் கோலைச் சரிவில் ஊன்றி, இடது கையால் கோலையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பிடித்துக் குறி வைப்பார்கள். எந்த உயரத்தில் வேண்டுமோ அந்த உயரத்தில் பிடித்துக் கொள்ளலாம். இரண்டு கால் தாங்கி அளவுக்கு அது அசையாமல் நிற்காதுதான். ஆனால் மலையில் கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்கால் வட்டி கட்ட வேண்டும். ஏற்கனவே கையில் இருக்கிற கோலே தாங்கியாகவும் ஆகிறது என்றால் அதை விட வேறென்ன வேண்டும்?

யானை மேல், மரத்தின் மேல்

இந்தியக் காடுகளில் பிரச்சினை வேறு. புல்லும் புதரும் ஆளை மறைக்கும். தரையில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. எனவே மேலே ஏற வேண்டியிருந்தது.

மொகலாயர்கள் யானை மேல் ஏறினார்கள். பார்வை கிடைத்தது, ஆனால் காலடியில் இருப்பது உயிருள்ள மேடை. பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். 1619-இல் மதுரா பக்கத்தில் ஒரு புலித் தொல்லை. இனி தம் கையால் உயிரைக் கொல்வதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்ததால், நூர்ஜஹானைச் சுடச் சொன்னார். புலி வாசனை பட்டால் யானை ஒரு நொடி கூட நிற்காது, அம்பாரியிலிருந்து சுடுவது மிகக் கடினம், தமக்கு அடுத்தபடி குறி தவறாதவர் என்று பெயர் பெற்ற மிர்சா ருஸ்தமே யானை மேலிருந்து மூன்று, நான்கு முறை தவற விட்டிருக்கிறார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, நூர்ஜஹான் ஒரே குண்டில் புலியைச் சாய்த்ததைப் பெருமையோடு பதிவு செய்கிறார். மனைவியைப் பாராட்டும் அந்தப் பத்தியில், தாங்கி ஆடினால் திறமைசாலிக்கும் குறி தவறும் என்ற பாடமும் சேர்ந்தே கிடைக்கிறது.

யானை இல்லாதவர்கள் மரத்தில் பரண் கட்டினார்கள். இந்தியில் இதற்கு மச்சான் என்று பெயர் (நம்ம ஊர் மச்சான் இல்லை!). மரம் அசையாது, கிளையின் கவையில் துப்பாக்கியைச் சாய்த்துக் கொள்ளலாம், மனித வாடையும் ஓரளவு மேலோடு போய்விடும். 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் இருந்த ருத்ரபிரயாக் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே மாதம் ஒரு மாமரத்துப் பரணில் இரவுக் காவல் இருந்துதான் சுட்டார்.

அதே கார்பெட் 1930-இல் சௌகர் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டபோது எந்தத் தாங்கியும் இல்லை. ஒரு கையில் பறவை முட்டைகள்! பாறையைச் சுற்றித் திரும்பினால் சில அடி தூரத்தில் புலி படுத்திருக்கிறது. மறு கையால் மட்டும் துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டார். அவ்வளவு அருகில் தாங்கி எதற்கு? தூரம் கூடும்போதுதான் கையின் நடுக்கம் பெரிதாகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வேட்டைக்காரன் தாங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் கேள்விகள் நான்குதான் என்று தெரிகிறது. புல் எவ்வளவு உயரம்? தரை சமமா, சரிவா? விலங்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும்? அது எவ்வளவு நேரம் நிற்கும்?

புல் குட்டையாக, தரை சமமாக இருந்தால் படுத்துச் சுடலாம். இரட்டைக் கால் அதற்குத்தான். ஆப்பிரிக்க சவன்னாவில் புல் இடுப்பளவு வளரும், படுத்தால் புல்லைத்தான் பார்க்கலாம். அதனால் அங்கே மூன்று நீளக் கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, நின்றபடியே சுடும் முக்காலி பழக்கத்துக்கு வந்தது. வழிகாட்டி முன்னால் நடந்து சத்தமில்லாமல் அதை விரித்து வைப்பார், வேட்டைக்காரர் துப்பாக்கியை அதில் வைப்பார். அடர்ந்த காட்டில் தூரமும் குறைவு, நேரமும் குறைவு. அங்கே பக்கத்து மரத்தண்டுதான் தாங்கி. மொட்டை மலையில் முதுகுப் பையைக் கழற்றிப் பாறை மேல் போட்டால் அதுவே தலையணை.

ஒரு சின்ன நுணுக்கமும் உண்டு. துப்பாக்கியைப் பாறை போன்ற கடினமான பொருள் மேல் நேராக வைக்கக் கூடாது. சுடும்போது அது துள்ளும், குண்டு மேலே போய்விடும். நடுவில் தொப்பியோ, சுருட்டிய சட்டையோ, குறைந்தபட்சம் உள்ளங்கையோ இருக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது நிலம் குச்சியைத் தேர்ந்தெடுத்த கதை. ஒரு நல்ல தாங்கி ஒரு விலங்கின் வேதனையைக் குறைக்கிறது என்ற அளவில் இது இரக்கமான கண்டுபிடிப்பு என்று கூடச் சொல்லலாம். ஆனால் இன்னொரு நிலத்தில், இன்னொரு குச்சி, முற்றிலும் வேறு ஒரு வேலையைச் செய்தது.

இரண்டு குச்சியும் ஒரு தோல் வாரும்

வட அமெரிக்காவின் நடுவே கனடாவிலிருந்து டெக்சாஸ் வரை பரந்து கிடப்பது மாபெரும் சமவெளி. ஆற்றங்கரையை விட்டால் மரம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். அந்தப் புல்லை மேய்ந்து வாழ்ந்தவை பைசன்கள் (நம்ம ஊர்க் காட்டெருமைக்குத் தூரத்துச் சொந்தம்). 1800 வாக்கில் சுமார் மூன்று கோடி இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் மதிப்பீடு.

சமவெளிப் பழங்குடியினர் குதிரை மேல் ஏறி மந்தையோடு ஓடி, பக்கவாட்டில் நெருங்கி, வில்லால் அடிப்பார்கள். தூரம் சில அடிதான், தாங்கி வேண்டாம். ஆரம்பத்தில் வந்த வெள்ளையர்களும் குதிரையில் துரத்தியே சுட்டார்கள். இந்த முறையில் விழும் விலங்குகள் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும்.

1871 வாக்கில் நிலைமை மாறியது. பைசன் தோலைப் பதப்படுத்தித் தொழிற்சாலைக்கு ஏற்ற உறுதியான தோலாக மாற்றும் முறை கைவந்தது. அது இயந்திரச் சகடைகளைச் சுற்றி ஓடும் வார்ப்பட்டைகளாகவும் ராணுவக் காலணிகளாகவும் ஆயிற்று. 1872-இல் ரயில் பாதை கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியை எட்டியது. வாங்க ஆள் இருக்கிறது, அனுப்ப வண்டி இருக்கிறது. இனி வேண்டியது தோல் மட்டும்.

தோல் வியாபாரத்துக்குக் குதிரையில் துரத்துவது சரிப்படவில்லை. சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு விலங்கிடமும் வண்டியை ஓட்டிக் கொண்டு போய் உரிக்க வேண்டும், கூலி கட்டாது. எல்லாம் ஒரே இடத்தில் விழ வேண்டும். இங்கேதான் குச்சி வருகிறது.

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு குச்சிகள். மேல்முனைக்குக் கொஞ்சம் கீழே தோல் வாரால் ஒரு கட்டு. கீழே விரித்து மண்ணில் ஊன்றினால் மேலே ஒரு சின்னக் கவை கிடைக்கும். அவ்வளவுதான்! வேட்டைக்காரன் காற்று தன் பக்கம் வீசும்படி, மந்தையிலிருந்து 200, 300 மீட்டர் தள்ளி, புல்லில் உட்கார்ந்து, குழலை அந்தக் கவையில் வைப்பான். படுத்துச் சுட்டால் புல் மறைக்கும், கனமான குண்டின் உதை தோளை நொறுக்கும். உட்கார்ந்து சுட்டால் இரண்டும் இல்லை.

துப்பாக்கியும் அதற்கேற்ப வளர்ந்தது. ஷார்ப்ஸ் கம்பெனியின் பைசன் துப்பாக்கிகள் ஐந்தரை முதல் ஏழு கிலோ வரை எடை இருந்தன. கனமான குழல் சீக்கிரம் சூடேறாது, உதையும் குறையும். ஆனால் அதை நாள் முழுக்கக் கையில் தூக்கிப் பிடிக்க எவனாலும் முடியாது. மஸ்கட் காலத்துக் கோல் முந்நூறு வருடம் கழித்து வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது.

பைசனுக்குக் கண் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. மனித வாடை வராத வரை வெறும் சத்தத்துக்கும் புகைக்கும் அது பெரிதாக மிரளாது. மந்தையை நடத்திப் போகும் மூத்த பசுவின் நுரையீரலில் முதல் குண்டு. அது ஓடாது, வாயில் ரத்தம் வழிய நின்று தள்ளாடும். மற்றவை குழம்பிப் போய் அதைச் சுற்றி மோந்து பார்க்கும். எது விலகி நடக்கத் தொடங்குகிறதோ அதற்கு அடுத்த குண்டு. இப்படியே நின்ற இடத்தில் மந்தையைக் கட்டிப் போட்டு ஒவ்வொன்றாகச் சாய்ப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்டாண்ட்".

இந்த முறையின் உயிர்நாடி குறி தவறாமைதான். ஒரே ஒரு குண்டு இடுப்பிலோ காலிலோ பட்டாலும் அடிபட்ட விலங்கு வெறி பிடித்து ஓடும், மந்தை முழுவதும் பின்னாலேயே ஓடும், அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. கை நடுங்காமல் இருக்கச் செய்த அந்த இரண்டு குச்சி இல்லையென்றால் ஸ்டாண்ட் என்பதே பெரும்பாலும் கைகூடியிருக்காது.

கணக்குப் புத்தகம்

பிராங்க் மேயர் என்ற வேட்டைக்காரர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் தம் இளமைக் கணக்கைச் சொல்கிறார். ஒரு தோட்டா அதிகபட்சம் 25 சென்ட். ஒரு பைசன் குறைந்தது 3 டாலர். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் போட்ட முதல் பன்னிரண்டு மடங்காகத் திரும்பி வரும்! நாளுக்கு நூறு என்று வைத்தால், அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளத்தை விட மும்மடங்கு சம்பாதிக்கலாம் என்று அவர் போட்ட கணக்கு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்கவில்லை என்பதையும் அவரே ஒப்புக் கொண்டார்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். துப்பாக்கி, வண்டி, குதிரை எல்லாம் நிலைச்செலவு. தோட்டாவும் உரிப்பவரின் கூலியும் மாறும் செலவு. தவறிப் போகும் ஒவ்வொரு தோட்டாவும் நஷ்டம். மாறும் செலவை இவ்வளவு குறைத்த கருவி எது? காசே இல்லாமல் ஆற்றங்கரையில் வெட்டி எடுத்த இரண்டு குச்சி!

அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி விட்டுப் போயிருந்தது. பைசனின் விலை. மந்தை யாருக்கும் சொந்தமில்லை, எனவே அதற்கு முதல் போடத் தேவையில்லை, தேய்மானமும் எழுதத் தேவையில்லை. இன்று நான் சுடாவிட்டால் நாளை வேறொருவன் சுடுவான் என்பதால், விட்டு வைப்பவன்தான் ஏமாளி.

1872 முதல் 1874 வரையிலான மூன்றே வருடங்களில் ரயில்களில் ஏறிய தோல்கள் சுமார் 14 லட்சம் என்று கர்னல் ரிச்சர்ட் டாட்ஜ் மதிப்பிட்டார். கொல்லப்பட்டவை அதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆரம்ப காலத்தில் சரியாக உரிக்கத் தெரியாமலும் காய வைக்கத் தெரியாமலும் வீணானவை அவ்வளவு. இறைச்சியில் பெரும்பகுதி கிடந்த இடத்திலேயே அழுகியது. 1874-இல் பைசனைக் காக்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போடவில்லை, மசோதா செத்துப் போனது.

விலை கொடுத்தவர்கள்

அந்த மந்தைகள் யாருக்கும் சொந்தமில்லை என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. கொமாஞ்சி, கயோவா, செயென் மக்களுக்கு அதுதான் சோறு, கூடாரம், போர்வை, எல்லாம். 1867-இல் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் ஆர்கன்சாஸ் ஆற்றுக்குத் தெற்கே அவர்களுக்கு வேட்டை உரிமை கொடுத்திருந்தது. கன்சாஸ் மந்தைகள் தீர்ந்ததும் தோல் வேட்டைக்காரர்கள் ஆற்றைத் தாண்டித் தெற்கே இறங்கினார்கள்.

1874 ஜூன் 27 அன்று விடியலில், டெக்சாஸில் அடோபி வால்ஸ் என்ற வேட்டைக்காரர் முகாமைப் பல நூறு பழங்குடி வீரர்கள் தாக்கினார்கள். முன் நின்றவர்களில் ஒருவர் குவானா பார்க்கர். உள்ளே இருந்தது 28 ஆண்களும் ஒரு பெண்ணும். ஆனால் அந்த ஆண்கள் தினமும் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் குறி வைத்துப் பழகியவர்கள். தாக்குதல் தோற்றது. அதைத் தொடர்ந்து ராணுவம் இறங்கியது. 1875 ஜூனில் குவானா பார்க்கர் தம் மக்களோடு சரணடைந்தார். தோற்கடித்தது ராணுவம் மட்டுமல்ல. பைசன் இல்லாத சமவெளியில் உண்ண ஒன்றும் இல்லை.

1870-களின் முடிவில் தெற்கு மந்தை தீர்ந்தது. 1881-இல் ரயில் மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியை எட்டியது, 1883-க்குள் வடக்கு மந்தையும் தீர்ந்தது. கொடுமை என்னவென்றால் அது தீர்ந்துவிட்டது என்று அவர்களுக்கே தெரியவில்லை! 1883 இலையுதிர் காலத்தில் பல வேட்டைக்காரர்கள் வழக்கம் போலத் தோட்டாவும் மாவும் வாங்கிக் கொண்டு கிளம்பினார்கள். மந்தை கனடா பக்கம் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. போட்ட முதலும் போனது. அதன் பிறகு சமவெளியில் மிஞ்சியது எலும்புதான். அதையும் பொறுக்கி, டன் கணக்கில் உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் விற்றார்கள்.

1889-இல் வில்லியம் ஹார்னடே வட அமெரிக்கா முழுவதும் எஞ்சியிருந்த பைசன்களைக் கணக்கெடுத்தார். 1,091. லட்சம் இல்லை, ஆயிரத்துத் தொண்ணூற்றொன்று.

பழி யார் மேல்?

வறட்சி, கால்நடைகளோடு வந்த நோய், புல்லுக்குப் போட்டியாக வந்த குதிரைகள் என்று வேறு காரணங்களையும் வரலாற்றாசிரியர்கள் சேர்க்கிறார்கள். அது நியாயமே. கண்டிப்பாக இரண்டு குச்சி மட்டும் ஒரு கண்டத்தைக் காலி செய்யவில்லை.

திபெத்தியனின் கொம்புக் காலும் ஆல்ப்ஸ்காரனின் மலைக்கோலும் சமவெளிக்காரனின் குறுக்குக் குச்சியும் செய்த வேலை ஒன்றுதான். கையின் நடுக்கத்தை நிறுத்தின. ஆனால் குடும்பத்துக்கு ஒரு மான் போதும் என்று கிளம்பியவனுக்கு அந்தத் துல்லியம் ஒரு குண்டோடு முடிந்தது. மூன்று டாலருக்குத் தோல் வாங்கும் சந்தையை முதுகில் சுமந்து வந்தவனுக்கு அது முடியவே இல்லை. எங்கே நிறுத்துவது என்று குச்சி சொல்லாது. அதை மனிதன்தான் சொல்ல வேண்டும், அல்லது சட்டம் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொன்ன ஒன்று. அமெரிக்காவில் இன்று பருவம், உரிமம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. அந்த வரம்புக்குள் நிற்கும் வேட்டைக்காரன் நல்ல தாங்கியைத் தேடுவது விலங்கு துடிக்காமல் சாக வேண்டும் என்பதற்காகவும்தான்.

கதையின் கடைசிப் பக்கம் கொஞ்சம் ஆறுதலானது. 1905-இல் ஹார்னடேயும் நண்பர்களும் பைசனைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1907 அக்டோபரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச் சாலையிலிருந்து 15 பைசன்கள் ஒக்லஹோமாவின் விச்சிட்டா மலைக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. கொமாஞ்சிகள் வாழ்ந்த மண் அது. இன்று வட அமெரிக்காவில் பண்ணைகளையும் சேர்த்துப் பைசன்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2016-இல் பைசன் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியாகவும் அறிவிக்கப்பட்டது.

அந்தப் பதினைந்தும் ஊர் திரும்பியது ரயிலில்தான். ஒரு காலத்தில் கிழக்கு நோக்கித் தோல் மூட்டைகளைச் சுமந்து போன ரயில், இந்த முறை மேற்கு நோக்கி உயிருள்ள பைசன்களைச் சுமந்து போனது.